எல்லாரும்தான் பேசறாங்க

நம்முடைய பத்திரிகைகளில் கூலியைப் பற்றி எழுதுகிறோம். நிலத்தைப் பற்றி, சுடுகாட்டுப் பாதையைப் பற்றி, வன்கொடுமை வழக்குகளைப் பற்றி எழுதுகிறோம். ஷேரைப் பற்றி மட்டும் எழுதுவதில்லை. சேரிக்கும் ஷேருக்கும் என்னய்யா சம்மந்தம் என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் விழுப்புரம் பக்கத்தில் எங்கள் காலனியில் எனக்குத் தெரிந்தே ஏழு வீட்டில் டீமேட் கணக்கு இருக்கிறது. ஏழு பேரும் ஏதோ ஒரு காலத்தில் போன் கம்பெனி ஷேர் வாங்கியிருக்கிறார்கள். ஏழு பேரும் அதில் காசை விட்டிருக்கிறார்கள். முதல் தலைமுறையாக மாதச் சம்பளத்தைக் கண்ணால் பார்த்த சனங்களுடைய சேமிப்பு எங்கே போனது என்று கணக்குப் பார்க்கிறவன் இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கதையை நிலத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும். கையில் நாலு காசு சேர்ந்தால் ஊர்த்தெருக்காரன் காணி வாங்குகிறான். நம்ம ஆள் போய்க் கேட்டால் "விக்கிற எண்ணமே இல்லப்பா" என்கிறான். மறுமாசம் அதே நிலம் வேறொருவருக்குக் கிரயம் ஆகியிருக்கும். டவுனில் மனை பார்க்கப் போனால் புரோக்கர் முதலில் சொந்த ஊர் எது என்று கேட்பான், அப்புறம் அதில் எந்தத் தெரு என்று கேட்பான். நகைக்கடையில் சாதி கேட்பதில்லை. ஆனால் நம் வீட்டு நகைக்கு அடகுக்கடை வழி நன்றாகத் தெரியும், அதுவாகவே போய்விடும். மிச்சம் இருந்தது ஷேர். "பான் கார்டு கேட்டான், பாஸ்புக் கேட்டான், கையெழுத்து கேட்டான். தெரு எதுன்னு மட்டும் கேக்கலடா" என்றார் எங்கள் வாத்தியார் மாமா. அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்குப் பங்குச்சந்தைமேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பத்திரம் என்பது நமக்குப் புதுசு இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892இல் வந்த அரசு உத்தரவால் பஞ்சமி நிலம் கிடைத்தது. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை. இன்றைக்கு ஷேர்க்காரர்கள் லாக்-இன் என்கிறார்களே, அந்தச் சமாச்சாரம்தான். அந்தப் பூட்டை யார் யார் எப்படி எப்படி உடைத்தார்கள் என்பது இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி மண் கைவிட்டுப் போன சனத்தின் பேரன், மண்ணில்லாத ஒரு பத்திரத்தை நம்பினான். இதை யாரும் குடிசைக்கு நெருப்பு வைத்துப் பிடுங்க முடியாது, ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை நகர்த்த முடியாது. அந்த நம்பிக்கையில் தப்பு ஒன்றும் இல்லை.

சரி, ஷேர்தான் வாங்கினார்கள், அதில் ஏன் போன் கம்பெனி? இதற்கு ஏழு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "எல்லாரும்தான் பேசறாங்க."

இதைவிடப் பலமான வாதம் உலகத்தில் இல்லை. 1995 ஜூலை 31ஆம் தேதி ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டுப் பேசினார், அதுதான் நாட்டின் முதல் செல்போன் பேச்சு. அன்றைக்கு ஒரு நிமிசத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. வருகிற அழைப்புக்கும் காசு. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் வந்தது, 2003இல் 501 ரூபாய் கட்டினால் போன் கையில் என்றார்கள். 2009இல் டாடா டொகோமோ வினாடிக்கு ஒரு பைசா என்றது. மாடு மேய்க்கிற கிழவி இடுப்பில் சுருக்குப்பையோடு போனும் தொங்கியது. கொளுத்து வேலைக்குப் போகிற பையன் மதியச் சோற்றை ஒரு கையில் பிசைந்துகொண்டே இன்னொரு கையில் பேசினான். இதையெல்லாம் கண்ணால் பார்க்கிறவன் போன் கம்பெனிக்கு நஷ்டம் வரும் என்று எப்படி நம்புவான்?

வாத்தியார் மாமா 2007 கடைசியில் வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாக் கம்பெனிக்காரனும் அந்த வருசம் ஒரே பாட்டுத்தான் பாடினான். பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் எத்தனை போன் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பி.எஃப். கடன் போட்டு வாங்கினார். 2008 ஜனவரி 21ஆம் தேதி சந்தை கவிழ்ந்தது. அதுவரைக்கும் பொங்கலுக்குள் விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்கப்புறம் "இது நீண்டகால முதலீடுடா தம்பி" என்று சொல்ல ஆரம்பித்தார். நீண்டகாலம் என்பது விழுந்த ஷேருக்கு வைக்கிற செல்லப்பெயர் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அந்தக் கம்பெனியிலிருந்து மாமாவுக்குக் கடிதம் வரும். எல்லாம் இங்கிலீஷ். எம்.ஏ. தமிழ் படித்த என்னிடம்தான் கொண்டுவந்து குடுப்பார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை படிக்கிறவன், 'இது சாதாரணத் தீர்மானம், இது சிறப்புத் தீர்மானம்' என்று அவருக்கு உரை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வருசம் 22 ரூபாய் சில்லறைக்கு டிவிடெண்ட் வாரண்ட் வந்தது. அதை பேங்கில் போட டவுனுக்குப் போய்வர பஸ்ஸுக்கும் டீக்கும் 30 ரூபாய். மாமா போட்டார். "காசு முக்கியமில்ல, முதலாளி நமக்குப் படி அளக்கறான் பாரு" என்றார். எங்கள் வம்சத்தில் முதலாளி கையால் ஆண்டுக்கு ஒருதரம் வாங்கிய படியெல்லாம் களத்துமேட்டில் வாங்கியதுதான், அதற்குக் குனிந்து நிற்க வேண்டும். இது தபாலில் வந்தது.

அதைவிட அவருக்குப் பிடித்தது ஓட்டுச் சீட்டு. தபால் வாக்கெடுப்பு என்று ஒரு தாளும், தபால்தலை ஒட்டத் தேவையில்லாத உறையும் வரும். பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டுச்சாவடிக்குப் போகிறதுக்குள் "உங்க ஓட்டு விழுந்திடுச்சிப்பா, வீட்டுக்குப் போ" என்று சொல்லக் கேட்ட ஆள் அவர். இந்த ஓட்டை விடுவாரா? தலைவரை மறுபடியும் நியமிக்கிற தீர்மானம் வரும்போதெல்லாம் 'எதிராக' என்ற கட்டத்தில் பேனாவை அழுத்தி டிக் போட்டார். முடிவு வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆதரவு என்று இருக்கும். "மிச்சம் இருக்கற துளியூண்டுல நான் இருக்கேன் பாத்தியா" என்பார். அவர் போட்ட பணத்துக்கு இந்தியாவில் அவருக்குக் கிடைத்த ஒரே உருப்படியான லாபம் அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நாட்டில் நடந்ததைத் தேதிப்படி பார்த்தால் இந்த ஏமாற்றம் எங்கள் காலனிக்கு மட்டும் சொந்தமில்லை. 1995இல் தொலைபேசி டெண்டரில் ஹெச்.எஃப்.சி.எல். என்ற கம்பெனி ஒன்பது வட்டாரங்களுக்கு 85,000 கோடி ரூபாய் கேட்டது. அதன் ஷேர் 2000ஆம் வருசத் தொடக்கத்தில் 2,000 ரூபாயைத் தாண்டிப் பறந்தது. 2001 மார்ச்சில் புரோக்கர் கேத்தன் பரேக் கைதானார், ஷேர் இரட்டை இலக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2006 மார்ச்சில் சந்தைக்கு வந்து, 2008 ஜனவரியில் 800 ரூபாய்க்கு மேல் போனது. 2017 கடைசியில் செல்போன் சேவையையே மூடினார்கள். 2019இல் ஒரு ஷேர் ஒரு ரூபாய்க்கும் கீழே. ஒரு டீ குடிக்க பத்து ஷேர் விற்க வேண்டும். ஐடியா 2007இல் 75 ரூபாய்க்குப் பங்கு விற்றது. 2018இல் வோடபோனோடு சேர்ந்தது. 2019இல் ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களிடமே 12.50 ரூபாய்க்கு இன்னும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. 2024இல் 11 ரூபாய்க்கு விற்றது. ஆடித் தள்ளுபடிகூட இவ்வளவு நாள் நடக்காது.

எல்லாரும் பேசியும் ஏன் இப்படி ஆனது? பேச்சு மலிந்தது, அலைக்கற்றை மலியவில்லை. 2010இல் 3ஜி ஏலத்தில் மட்டும் அரசுக்கு 67,000 கோடிக்கு மேல் வந்தது. அதில் பெரும்பகுதி கடன் வாங்கிக் கட்டிய காசு. பத்துப் பன்னிரண்டு கம்பெனி ஒரே தெருவில் கடை போட்டு, பைசா பைசாவாக விலையைக் குறைத்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சுக்குக் காசே வேண்டாம் என்றது. கடனுக்கு வட்டி மட்டும் வேண்டாம் என்று எந்த பேங்கும் சொல்லவில்லை. நம்மூர் ஏர்செல் பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி. அது 2018 பிப்ரவரியில் படுத்தபோது தமிழ்நாடே வேறு கம்பெனிக்கு மாற வரிசையில் நின்றது நினைவிருக்கும்.

இதற்குமேல் ஒரு சொல்லாராய்ச்சி. 1999 கொள்கைப்படி கம்பெனிகள் வருவாயில் ஒரு பங்கை அரசுக்குக் கட்ட வேண்டும். வருவாய் என்றால் என்ன? போன் பேசி வந்த காசு மட்டும்தான் என்றன கம்பெனிகள். வட்டி, வாடகை எல்லாமே வருவாய்தான் என்றது அரசு. பரிமேலழகரும் மணக்குடவரும் ஒரு குறளுக்கு வேறு வேறு பொருள் சொன்னால் பாடத்தில் இரண்டையும் எழுதி மார்க் வாங்கலாம். இங்கே 2019 அக்டோபர் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசு சொன்ன பொருளே சரி என்றது. வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று கந்துவட்டிக்காரன் நோட்டு மாதிரி தொகை ஏறியது. அடுத்த மாதமே வோடபோன் ஐடியா மூன்று மாதத்துக்கு 50,921 கோடி நஷ்டம் என்று கணக்குக் காட்டியது. கட்ட முடியாத பாக்கிக்குப் பதிலாக அரசு ஷேரை எடுத்துக்கொண்டது, 2023இல் ஒருதரம், 2025இல் ஒருதரம். 2025இல் கிட்டத்தட்ட 49 சதவீதம் அரசு கையில். சட்டப்படி ஒரு ஷேர் பத்து ரூபாய்க்குக் கீழே எடுக்க முடியாது. அன்றைக்குச் சந்தையில் ஏழு ரூபாய்கூட இல்லை. ஆக, டெல்லி சர்க்காரும் எங்கள் வாத்தியார் மாமாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். பாஸ்புக்கே இல்லாத எங்கள் ஆயாவும் கணக்குப்படி இப்போது போன் கம்பெனிப் பங்குதாரர்.

சித்தப்பா கதை வேறு. அவர் எண்பதுகளில் தொலைபேசித் துறையில் கேஷுவல் மஸ்தூராகக் குழி வெட்டப் போனவர். முழங்கால் சேற்றில் நின்று கேபிள் போட்டு, நிரந்தரமாகி, லைன்மேன் ஆனார். 2020 ஜனவரி 31ஆம் தேதி பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு என்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்களே, அதில் ஒருவர். பணம் வந்தது. "இந்தத் தொழில் எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?" என்று போன் கம்பெனி ஷேரையே வாங்கினார். பி.எஸ்.என்.எல். பங்கு சந்தையில் கிடையாது. ஆகவே தன் வேலையைக் காலி பண்ணிய போட்டிக் கம்பெனிகளின் ஷேரைத்தான் அவர் வாங்க முடிந்தது. அந்தக் கம்பெனிகளின் கண்ணாடி இழைக் கேபிளுக்கும் ரோட்டோரம் குழி வெட்டியது ஒப்பந்தக்காரனிடம் தினக்கூலிக்குப் போன நம்ம சனங்கதான். குழி வெட்டினவனும் நாம, குழியில விழுந்தவனும் நாம.

இறங்க இறங்க வாங்கினால் சராசரி விலை குறையும், அதற்கு ஆவரேஜ் பண்றது என்று பெயர். டவுனில் சப்-புரோக்கர் ஆபீசில் அவருக்கு இதைச் சொல்லிக் குடுத்தார்கள். பள்ளத்தில் இருக்கிறவனை இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டு என்று சொன்னால் சித்தப்பாவுக்கு அது பழகின வேலை. வெட்டினார். "மழை பேஞ்சா ஜாயிண்ட்ல தண்ணி பூந்துடும். எந்த எடத்துல பூந்துச்சின்னு ரெண்டு கம்பத்த பாத்தே சொல்லிடுவேன். இந்தக் கம்பெனில எங்கடா ஓட்டை? மேல ஒண்ணும் தெரியலயே" என்று என்னிடம் ஆண்டறிக்கையை நீட்டினார். கடன் எவ்வளவு என்பது அறிக்கையின் பின்பக்கங்களில், பொடி எழுத்தில் இருந்தது. முன்பக்கங்களில் வழவழப்பான தாளில் வயல்வரப்பில் ஒரு விவசாயி போன் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். "இவன் நம்மாளு மாதிரி கீறான்" என்றார் சித்தப்பா.

அவர் வாங்கினதில் ஒரு கம்பெனி திவால் மன்றத்துக்குப் போனது. விற்கலாம் என்றால் லோயர் சர்க்யூட். அன்றைக்கு எவ்வளவு இறங்கலாமோ அவ்வளவு இறங்கி நின்றுவிடும், விற்க வரிசை இருக்கும், வாங்க ஒரு ஆள் இருக்காது. திவால் சட்டம் 2016இல் வந்தது. அதன் 53ஆம் பிரிவு சொத்தை விற்றுப் பங்கு போடுகிற வரிசையைச் சொல்கிறது. முதலில் திவால் நடத்துகிற செலவு. அப்புறம் தொழிலாளர் பாக்கியும் அடமானம் வாங்கிக் கடன் குடுத்தவர்களும். அதற்கப்புறம் மற்ற ஊழியர்கள், அடமானமில்லாக் கடன்காரர்கள், அரசு பாக்கி, இன்னபிற கடன், முன்னுரிமைப் பங்குதாரர். எல்லாரும் தின்று எழுந்த பிறகு சாதாரணப் பங்குதாரர். இதைத் தமிழில் சொன்னேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தார். "கல்யாணத்துல கடைசிப் பந்தி நமக்குத்தான்னு தெரியும். காசு குடுத்து அந்தப் பந்திக்கு டிக்கெட் வாங்கின மொத ஆளு நான்தான்" என்றார்.

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2010 நவம்பரில் தணிக்கை அதிகாரியின் அறிக்கை வந்தது. 1,76,000 கோடி அனுமான இழப்பு என்றார்கள். 2012 பிப்ரவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. அந்த நாட்களில் டவுன் புரோக்கர் ஆபீசில் ஷேர் விலை ஓடுகிற டி.வி.க்கு முன்னால் மாமாவும் உட்கார்ந்திருப்பார். ஊர்த்தெரு ஆள் ஒருத்தர் அவர் பக்கம் திரும்பி, "உங்காளு ஒருத்தரு மந்திரியா வந்தாரு, எங்க காசெல்லாம் போச்சி" என்றாராம். அதே ஆபீசில் அதே ஆள், சுக்ராம் வீடுகளில் 1996இல் சி.பி.ஐ. கட்டுக்கட்டாகப் பணம் எடுத்ததைப் பற்றிப் பேசும்போது சுக்ராம் என்ன சாதி என்று கேட்டதில்லை. கேத்தன் பரேக்கால் போன காசுக்கும் எந்தத் தெருவையும் பொறுப்பாக்கவில்லை. ஆ. இராசா பெயர் வந்ததும் மட்டும் அவர்களுக்குக் கம்பெனி தெரியவில்லை, கடன் தெரியவில்லை, சாதி தெரிந்தது. 2017 டிசம்பர் 21ஆம் தேதி தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுதலை செய்தது. 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்றது. வழக்கு அதன் வழியில் போகட்டும். தெரு கேட்காத இடம் என்று மாமா நம்பின அந்த ஒரு இடமும் அன்றைக்குத் தெரு கேட்டுவிட்டது. அவர் அதற்குப்பிறகு அந்த ஆபீசுக்குப் போகவில்லை. போட்ட பணம் போனதைவிட அது அவருக்கு வலித்தது.

அந்த ஆபீசுக்கு வெளியே நமக்கு முன்னாலேயே ஒருவர் நிறுத்தப்பட்டிருக்கிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு வந்த அம்பேத்கர், 1917இல் பரோடாவில் தங்க ஓர் இடம் கிடைக்காமல் வேலையை விட்டு பம்பாய் திரும்பினார். பிழைப்புக்காகப் பங்கு, பத்திரம் வாங்கி விற்பவர்களுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தார். ஆலோசனை சொல்கிறவர் என்ன சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை. நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. 1918இல் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியரானார். 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. பணத்தைப் பற்றி அந்த மனிதரிடம் யோசனை கேட்பதைவிட நஷ்டப்படுவதே மேல் என்று பம்பாய்ச் சந்தை நினைத்தது. நாமும் அவரைச் சட்டப் புத்தகத்தோடு சிலையாக நிற்க வைத்தோம். அவருடைய பொருளாதாரத்தைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷேரில் போன காசுதான் பேச்சை மலிவாக்கியது. முன்பெல்லாம் ஒரு சேரியில் குடிசை எரிந்தால் இயக்கத்துக்குச் சேதி வர ரெண்டு நாள் ஆகும், அதற்குள் போலீஸ் சாம்பலை அள்ளிவிட்டு சமாதானக் கூட்டம் போட்டிருக்கும். இப்போது எரிகிற வெளிச்சத்திலேயே போன் வருகிறது, படமும் வருகிறது. மாமாவின் பி.எஃப். கடனும் சித்தப்பாவின் ஓய்வுப் பணமும், முகம் தெரியாத லட்சம் பேரின் சேமிப்பும் ஒரு கோபுரமாக நம் தலைக்குமேல் நிற்கிறது. அதில் ஏறின முதலாளிகள் கடனை பேங்குக்கும் ஷேரை நமக்கும் விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். நமக்கு மிஞ்சியது பேச்சு. அதைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை.

ஆனால் அடுத்த தலைமுறை வந்துவிட்டது. சென்னையில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிற என் மச்சான் பையன் சிக்னலில் நிற்கிற நேரத்தில் போனிலேயே ஷேர் வாங்குகிறான், அதுவும் போன் கம்பெனி ஷேர். ஏன்டா என்றால், "மாமா, எல்லாரும்தான் நெட்டு யூஸ் பண்றாங்க" என்கிறான். ஷேரே வாங்காதே என்று இவனிடம் சொல்வது, நிலம் வாங்காதே என்று சொன்ன ஊர்க்காரன் பேச்சு மாதிரி ஆகிவிடும். அதனால் எங்கள் இரவுப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படிப்பது எப்படி, கடன் எங்கே எழுதியிருக்கும், வட்டி கட்டினபிறகு மிச்சம் என்ன என்று பார்க்கிறோம். மாமா கூட்டல் கழித்தல் போடுகிறார், நான் இங்கிலீஷுக்கு உரை சொல்கிறேன். சித்தப்பா பின்வரிசையில் உட்கார்ந்து, படத்தில் சிரிக்கிற விவசாயிக்கு எத்தனை ஷேர் இருக்கும் என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்.